டீச்சரம்மாவுக்குக் கேட்காமல் பேசிய ஞாயிறுகள்

டில்லி, நீ பொய் சொன்னாய்.

முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. ஊர்க்கூட்டத்தில், எங்கள் நைனாவின் முகத்துக்கு நேராக நின்று நீ பொய் சொன்னாய். உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் இனி அவர்களிடம் பேசுகிறேன். நீ ஓரமாக உட்கார்ந்து கேள்.

டில்லி என் சித்தப்பா மகன். என்னைவிட ஒரு வயது சின்னவன். போன வாரம் போனில் செய்தி அனுப்பியிருந்தான். "யக்கா, பங்களா ரெண்டாவது பார்ட் வந்துகீது. பழைய நாலு பேரும் சேந்தா செமயா இருக்கும். இன்னா சொல்ற?" கூடவே சிரிக்கிற மூஞ்சி மூன்று. நான் அப்போது மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். என்னையும் அறியாமல் இழுத்துவிட்டேன் போல. "யம்மா, முடியப் பிச்சிடுவியா?" என்று கத்தினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்னி முடித்தேன். ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் போனது அன்றைய பின்னல். பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்பார்கள்.

பங்களா என்பது ஒரு பேய் விளையாட்டு. போனில் விளையாடுவது. அதன் இங்கிலீஷ் பெயர் ஒன்றரை வரிக்கு இருக்கும். எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. பங்களா என்று வைத்துக்கொண்டோம். நான்கு பேர் ஒரு பாழடைந்த பங்களாவுக்குள் மாட்டிக்கொள்வார்கள். இரண்டு பேர் மாடியில், இரண்டு பேர் கீழே. மாடிச் சுவர் முழுக்கப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கீழே வரிசையாகப் பூட்டுகள். மேலே இருப்பவர்கள் படத்தைப் பார்த்து எண்ணைச் சொன்னால்தான் கீழே இருப்பவர்கள் பூட்டைத் திறக்க முடியும். கீழே கிடைக்கிற சாவியை மேலே அனுப்பினால்தான் மாடியில் அடுத்த அறை திறக்கும். ஒருத்தர் பார்ப்பது இன்னொருத்தருக்குத் தெரியாது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

நடுவில் ஒரு பேய். வெள்ளைச் சேலை, விரித்த முடி எல்லாம் கிடையாது. சாம்பல் நிற கவுன், மூக்குக்கண்ணாடி, கையில் லாந்தர். நாம் போனில் பேசுவது அதற்குக் கேட்கும். குரலை உயர்த்தினால் மூலையில் ஒரு கோடு சிவக்கும். சிவந்தால் லாந்தர் நம் பக்கம் திரும்பும். டீச்சரம்மா என்று அதற்குப் பேர் வைத்தது ஸ்டெல்லா. "எங்க நாலாங்கிளாஸ் டீச்சரேதான்டீ. சத்தம் போட்டா வருது, வாய மூடினா போயிடுது."

ஸ்டெல்லாவையும் பாக்யாவையும் சொல்லவில்லையே. எளாவூர் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அப்போது ஒரு கம்பெனி இருந்தது. பாட்டில் மூடிகள் செய்வார்கள். சொட்டையான மூடியைப் பொறுக்கித் தனியாகப் போடுவது எங்கள் வேலை. இன்றைக்கும் புதுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் முதலில் அந்த வாடைதான் எனக்கு வரும். சூடான பிளாஸ்டிக்கும் மெஷின் எண்ணெயும் கலந்த வாடை. எட்டு மணி நேரம் அதில் உட்கார்ந்தால் சோறே மூடி மாதிரி மணக்கும். கம்பெனி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாங்கள் மூன்று பேர். எங்களுடையது ஏரிக்கரை மீன்பிடி ஊர், ஸ்டெல்லா அந்தக் கரை ஊர். காலையில் படகில் எங்கள் துறைக்கு வந்து என்னோடு பஸ் ஏறுவாள். பாக்யா காட்டூரில் ஏறுவாள். நெல் பயிரிடுகிற வீட்டுப் பெண். அவள் டிபன் டப்பாவைத் திறந்தால் எங்கள் இருவர் கையும் அதற்குள்தான் இருக்கும். எங்கள் மீன் குழம்பு அவள் பக்கம் போகும். அவள் வீட்டில் தெரிந்தால் திட்டுவார்கள் என்று டப்பாவைக் கழுவித்தான் எடுத்துப்போவாள்.

விளையாட்டைக் கண்டுபிடித்து வந்தவளும் பாக்யாதான். நான்கு பேர் இருந்தால்தான் கதவே திறக்கும் என்று ஆனபோது நான் டில்லியை இழுத்தேன். "பொம்பளைங்க கூட இன்னாத்துக்கு நான்?" என்று பிகு பண்ணினான். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவன்தான் முதல் ஆளாக உள்ளே வந்து எங்களுக்காகக் காத்திருந்தான்.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணி. ஸ்டெல்லா கோயிலுக்குப் போய் வந்து சாப்பிட்டு முடித்திருப்பாள். பேய் விளையாட்டைப் பட்டப்பகலில் விளையாடியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். வெளியே உப்புக் காற்றும் வெயிலும் கொளுத்தும். போன் திரை தெரியாது. அதனால் நானும் டில்லியும் ஊர்க்கோடியில் இருக்கும் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடிக்குப் போய்விடுவோம். ஜன்னலைச் சாத்தினால் நல்ல இருட்டு. சிக்னலும் அங்கேதான் நிற்கும். வவ்வால் புழுக்கை, ஈரச் சிமெண்டு, யாரோ மூலையில் போட்டுவைத்த கருவாட்டுச் சாக்கு. அந்த நாற்றத்தில் உட்கார்ந்து ஒரு பங்களாவைத் திறந்துகொண்டிருப்போம். கீழே நிழலில் நான்கைந்து பெரியவர்கள் வலை பொத்தல் அடைப்பார்கள். அவர்களுக்கு நாங்கள் ஏதோ சினிமா பார்க்கிறோம் என்று நினைப்பு.

பேய்க்குப் பயந்து தோற்றதைவிடச் சத்தம் போட்டுத் தோற்றதுதான் அதிகம். எங்கள் வீடுகளில் மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. இந்தப் படகிலிருந்து அந்தப் படகுக்கு, காற்றுக்கு எதிராகப் பேசுகிற தொண்டை. நைனா, அதாவது என் அப்பா, என் பக்கத்தில் உட்கார்ந்து உப்பு கேட்டால் அடுத்த வீட்டில் உப்பு எடுத்துவைப்பார்கள். டில்லி ரகசியம் சொன்னாலே கோடு சிவக்கும். பாக்யா தலையில் அடித்துக்கொள்வாள். "டேய், நீ மூச்சு வுட்டாலே டீச்சரம்மா வருதுடா." ஸ்டெல்லாதான் எங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தாள். கோயிலில் பாட்டுக் குழுவில் இருந்தவள். "வயித்துலேருந்து பேசாத. உதட்டுலேருந்து பேசு" என்பாள். நானும் டில்லியும் வாயைக் குவித்து ஊதி ஊதிப் பழகினோம். வெளியாள் பார்த்திருந்தால் வேப்பிலை அடித்திருப்பார்கள்.

அந்த வருஷம்தான் தகராறு வந்தது.

பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் ஓடாது. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதுதான் பாடு. ஒவ்வொரு இடத்துக்கும் எண் உண்டு. பாடு முறையில் பேர் இருக்கிற ஆம்பளைதான் தலைக்கட்டு, ஊர்க் கணக்கில் ஒரு குடும்பம். பேர் இல்லாதவன் இன்னொருத்தன் படகில் கூலிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டும். பொம்பளை பேர் அதில் வராது. கூட்டத்தில் உட்காரவும் முடியாது.

அப்படி ஓர் இடத்தை வைத்து எங்கள் ஊருக்கும் ஸ்டெல்லா ஊருக்கும் மூண்டது. அவர்கள் எங்கள் வலையை அறுத்தார்கள். நாங்கள் அவர்கள் படகை இழுத்துவந்து கட்டினோம். நியாயம் யார் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு அலுத்துவிட்டது. கூட்டத்தில் கட்டுப்பாடு போட்டார்கள். அந்த ஊரோடு பேச்சு கிடையாது. நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. மீறினால் அந்த வீட்டுக்குப் பாடு நிற்கும்.

ஸ்டெல்லாவின் படகு எங்கள் துறைக்கு வருவது நின்றது. அவள் சுற்றி நடந்து வேறு ஸ்டாப்பில் பஸ் ஏறினாள். அதே பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள், அதனால் அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். பாக்யா நடுவில் உட்கார்ந்துகொண்டு அங்கே ஒரு தரம் இங்கே ஒரு தரம் திரும்புவாள். டிபன் டப்பா மட்டும் அவள் கைவழியாகப் போய்வந்தது. இரண்டு வாரம் ஸ்டெல்லாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு போனேன். அவள் முடியில் எத்தனை ஊசி குத்துவாள் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது ஞாயிறு டில்லி கேட்டான். "யக்கா, பங்களாவுக்குப் போவோமா?"

"ஊர்ல தெரிஞ்சா?"

"பேய் வூட்டுக்குள்ள பேசக் கூடாதுனு கூட்டத்துல சொல்லலையே."

இதைச் சொன்னது அவன்தான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு உள்ளே போனோம். ஸ்டெல்லாவின் விளையாட்டுப் பொம்மை மாடிப்படியில் அசையாமல் நின்றது. பிறகு உதட்டிலிருந்து மெதுவாகக் கேட்டாள். "சாப்ட்டியாடீ?" "ம்" என்றேன். டீச்சரம்மாவுக்குக்கூடக் கேட்டிருக்காது.

அப்படி எட்டு ஒன்பது ஞாயிறு போயிருக்கும். கடைசிக் கட்டத்தில் மாட்டிக்கொண்டோம். பங்களாவின் நிலவறையில் தண்ணீர் ஏறும். கீழே நானும் டில்லியும். மேலே அவர்கள் இருவரும் எண் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்லிப் பூட்டைத் திறக்க வேண்டும். தண்ணீர் முழங்காலுக்கு வரும், இடுப்புக்கு வரும். நாங்கள் இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நிற்போம். பாக்யா மேலேயிருந்து, "இன்னாடி மரம் மாதிரி நிக்கறீங்க, ஓடுங்க" என்பாள். டில்லி நிதானமாகச் சொல்லுவான். "ஏறின தண்ணி எறங்கும். கொஞ்சம் இரு, வத்தட்டும்." ஏரியில், கடலோடு சேரும் முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் ஏறும், இறங்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரைப் பார்த்து ஓடத் தோன்றுமா? காத்திருந்தோம். கழுத்து வரை வந்தது. செத்தோம். ஐந்து தடவை அப்படியே காத்திருந்து காத்திருந்து செத்தோம்.

ஆறாவது தடவை பாக்யா பொறுமை இழந்தாள். "அய்ய, அது ஏரி இல்ல, கேமு. உள்ள தண்ணி வந்தா வெளிய போக எங்கனா மடை வெச்சிருப்பான். சுவத்தாண்ட கால் மட்டத்துல பலகை இருக்குதா பாரு." இருந்தது. பாசி பிடித்த ஒரு பலகை. ஐந்து தடவை அதன் மேலேயே நின்றிருக்கிறோம். காட்டூர்க்காரிக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை. தூக்கினோம். தண்ணீர் வடிந்தது. கடைசிப் பூட்டு. "மூணுக்கு அஞ்சு, ஏழுக்கு ஒண்ணு" என்று ஸ்டெல்லா சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். கதவு திறந்தது. வெளியே வெளிச்சம், ஒரு தோட்டம். நான்கு பொம்மைகளும் புல்லில் நின்றன.

நான் கத்திவிட்டேன். வயிற்றிலிருந்து கத்தினேன். "ஸ்டெல்லா! வெளிய வந்துட்டோம்டீ ஸ்டெல்லா!"

கீழே வலை பொத்தல் அடைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. எங்கள் ஊரில் ஸ்டெல்லா என்று யாரும் கிடையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம். பேசியது குற்றம், சரி, அது கட்டுப்பாட்டை மீறியதுதான். அதோடு போயிருந்தால் மன்னிப்புக் கேட்டுத் தீர்ந்திருக்கும். ஆனால் கீழே இருந்தவர்கள் பல ஞாயிறாக நான் எண் சொல்வதைக் கேட்டிருக்கிறார்கள். மூணுக்கு அஞ்சு, ஏழுக்கு ஒண்ணு. எங்கள் ஊரில் எண் என்றால் பாடுதான். எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை என்று நான் அந்த ஊருக்கு வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த மாதம் எங்கள் வலை இரண்டு அறுபட்டிருந்தது வேறு.

நான் கூட்டம் நடக்கிற கோயில் மதிலுக்கு இந்தப் பக்கம் பெண்களோடு நின்றேன். நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

"உம் பொண்ணு அந்த ஊரோட பேசிச்சா?"

"பேசிச்சு."

"நம்பரு சொல்லிச்சா?"

"அது இன்னாமோ போன் வெளாட்டுனு சொல்லுது. எனக்கு அதெல்லாம் தெரியாது. தம்பிப் புள்ள டில்லியும் கூட இருந்தான். அவனக் கேளுங்க."

எல்லோரும் டில்லியைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது மனம் லேசாகிவிட்டது, நம்புவீர்களா? அவன் எழுந்து போனைத் திறந்து காட்டுவான், எண் எழுதிய படங்களைப் பார்த்து ஊரே சிரிக்கும், என்னை நான்கு கெட்ட வார்த்தை திட்டிவிட்டுக் கலைவார்கள் என்று நினைத்தேன். டில்லி எழுந்தான்.

"வலை காயப் போட மாடிக்குப் போவேன். அது மூலைல குந்திகினு பேசிகினு இருக்கும். இன்னா பேசிச்சுனு எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

ஏன் சொன்னான் என்று எனக்குத் தெரியும். அவனுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. அதே கூட்டத்தில் அவன் பேரைத் தலைக்கட்டாகச் சேர்க்க இருந்தார்கள். சேர்த்தார்கள். அதற்கு அடுத்த பேச்சாக எங்கள் நைனாவின் பாடு முறையை ஒரு வருஷம் நிறுத்தினார்கள். அவனும் எங்கள் ஊரில்தானே பிழைக்க வேண்டும், இருபத்து மூன்று வயதில் எவனுக்கு அந்தத் தைரியம் இருக்கும் என்றெல்லாம் நானே அவனுக்காக வாதாடிப் பார்த்திருக்கிறேன். வாதாடி முடித்த பிறகும் அது பொய்யாகத்தான் இருக்கிறது.

நைனா எளாவூர் பக்கம் ஒரு லாரி ஷெட்டுக்கு வாட்ச்மேனாகப் போனார். நீலச் சட்டை, விசில். ஒரு வருஷம் கழித்துப் பாடு முறையில் பேர் திரும்ப வந்தது. "வேணாம், இதுவே போதும்" என்றார். வலையை விற்றுவிட்டார். இப்போது லாரிக்காரர்கள் கொடுத்த பழைய நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாதம் ஒரு தரம் போய்ப் பார்ப்பேன். ஒரு தரம், டீ குடித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

"பாப்பா, அது நெசமாவே வெளாட்டுதானா?"

அதுவரை என் நைனா என்னை நம்புகிறார் என்று நினைத்திருந்தேன். "வெளாட்டுதான் நைனா" என்றேன். தலையாட்டினார். கிளாஸைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. ஏரி போனது, வலை போனது, அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இது ஆறு வருஷமாக முள் மாதிரி கிடக்கிறது.

இரண்டு ஊரும் சமாதானம் ஆகி நாலு வருஷம் ஆகிறது. பெரியவர்கள் மாலை போட்டுக்கொண்டார்கள், பிரியாணி போட்டார்கள். எந்த இடத்துக்காகச் சண்டை போட்டார்களோ அந்த இடம் மண் மேடிட்டுப் போய் இப்போது யாரும் வலை கட்டுவதில்லை. ஸ்டெல்லா சுண்ணாம்புக்குளத்தில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு பிள்ளைகள். பொன்னேரி மார்க்கெட்டில் எப்போதாவது பார்ப்போம். பேசலாம், தடை இல்லை. ஆனால் இரண்டு பேரும் பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு வெண்டைக்காய் விலை பேசிவிட்டுப் போகிறோம். பாக்யா மெட்ராஸில் இருக்கிறாள், போன் நம்பர் மாற்றிவிட்டாள். மூடிக் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். பஸ்ஸும் இல்லை. புயல் கட்டடத்தின் மாடிக்குக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அந்த விளையாட்டை நான் அன்றைக்கே அழித்துவிட்டேன். பழைய ஆட்டம் இப்போது எந்தப் போனிலும் ஓடாதாம், புதுசுதான் ஓடுமாம். அந்தத் தோட்டத்தில் நாங்கள் நான்கு பேரும் நின்றது பத்து விநாடிகூட இருக்காது. சுற்றிப் பார்க்கக்கூட இல்லை. நான் கத்தினதும் டில்லி என் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டான்.

இப்போது மறுபடி உன்னிடம் வருகிறேன், டில்லி.

உன் பெண்ணுக்குக் காது குத்திய அன்று பந்தலுக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டு, "யக்கா, அத மனசுல வெச்சுக்காத" என்றாய். பந்தலுக்குப் பின்னால் சொல்கிற விஷயம் இல்லை அது. நீ இப்போது கூட்டத்தில் சீட்டை எடுத்து எண்ணைப் படிக்கிற ஆள். நீ படித்தால் ஊர் கேட்கிறது. ஆடி முடிந்ததும் கூட்டம் கூடும். நைனாவை நான் எளாவூரிலிருந்து கூட்டிவருகிறேன். அவர் ஆம்பளை, உள்ளே உட்கார அவருக்கு இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எனக்கு அங்கே நிற்க இடம் கிடையாது, உனக்கு இருக்கிறது.

முதல் சீட்டை எடுப்பதற்கு முன்னால் எழுந்து நின்று எல்லோருக்கும் சொல். அந்த எண்கள் எதன் எண்கள்? நிலவறையில் என் பக்கத்தில் நின்றது யார்? எங்கள் நைனா உன் எதிரில் உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்துப் பதில் சொல்.